வளைவில் திரும்பிய வண்டி

நூலகத்தின் குழந்தைகள் அறையில் ரோபோ வகுப்பு எடுக்கும் மிஸ், சத்தியமாக ரோபோ படித்தவள் இல்லை. புத்தகங்களுக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்தவளை, "நீங்கதான் சுறுசுறுப்பா இருக்கீங்க" என்று மேலதிகாரி இதில் பிடித்துத் தள்ளிவிட்டார். வருகிற பிள்ளைகளில் பாதி ஏசிக்காக வந்தன. மீதியை அம்மாக்கள் கடைக்குப் போய்வரும்வரை விட்டுவிட்டுப் போனார்கள். மிஸ் கரடியாய்க் கத்தியும், பெட்டியில் இருக்கும் பாகங்களை வைத்துப் பிள்ளைகள் கட்டிய ஒரு ரோபோ வண்டிகூட தரையில் ஒட்டிய கறுப்புக் கோட்டின் மேல் உருப்படியாக ஓடியதில்லை. நேராகப் போகும், வளைவு வந்ததும் கோட்டை விட்டுவிட்டுச் சுவரில் போய் முட்டும்.

அப்புறம்தான் அந்தச் சிறுமி வந்தாள். வாயே திறக்க மாட்டாள். பிள்ளைகள் வைத்த பெயர் ஊமைக்கோட்டான். வளைவு தெரிந்ததுமே உள்பக்கச் சக்கரத்தின் வேகத்தைக் குறைக்கும்படி, யாரும் சொல்லித்தராமல் அவளே புரோகிராம் எழுதினாள். வண்டி அலுங்காமல் குலுங்காமல் திரும்பியது. மிஸ்ஸுக்கு அழுகையே வந்துவிட்டது.

சிறுமியின் அப்பா லாரி ஓட்டுகிறவர். தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை, இனி அனுப்ப மாட்டேன் என்றவரை, ஒரே ஒரு தடவை வந்து பாருங்கள், பிறகு முடிவு சொல்லுங்கள் என்று மிஸ் கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதிக்க வைத்திருந்தாள். வளைவின் அருமை தெரிந்த மனிதர், பார்த்தால் மனம் மாறிவிடுவார் என்று நம்பினாள்.

வருவதாகச் சொன்ன நாளில் வகுப்பு முடியும்வரை அவரைக் காணோம். அந்த நேரம் பார்த்து, செய்தித்தாளைக் காணவில்லை என்று வாசலில் ஒரு பெரியவர் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதிக்க, மிஸ் ஓடினாள். அவரைச் சமாளித்துத் திரும்பினால், லாரிக்காரர் படியேறி வந்துகொண்டிருந்தார். வாயெல்லாம் பல்லாக அழைத்துப்போனாள்.

சிறுமி பெட்டியின் முன்னால் கைகட்டி உட்கார்ந்திருந்தாள். மோட்டார், சக்கரம், ஒயர் எல்லாம் பெட்டிக்குள் அதனதன் இடத்தில் இருந்தன.

"வண்டி எங்கம்மா?"

"பிரிச்சுட்டேன் மிஸ். அடுத்த பேட்ச் வந்துருவாங்கல்ல?"

"புரோகிராம்?"

"அதையும் அழிச்சுட்டேன். நீங்கதான சொல்வீங்க, எதையும் மிச்சம் வைக்காமப் போகணும்னு."

"அப்பா வர்றார்னு தெரியும்ல?"

சிறுமி தலையைக் குனிந்துகொண்டாள். "வர மாட்டாருன்னு நெனச்சேன்."

பெட்டிகள் கொஞ்சம், பிள்ளைகள் அதிகம். அதனால் மிஸ்ஸே போட்ட சட்டம் அது. இன்றைக்கு மட்டும் பிரிக்காதே என்று ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லையே என்று தன்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. "கொஞ்ச நேரம் குடுங்க, திரும்பக் கட்டிருவா" என்றாள். கீழே நடுத்தெருவில் அவர் நிறுத்திவிட்டு வந்த லாரிக்குப் பின்னால் ஹாரன்கள் அலறின. வண்டி எப்படி வளைந்தது என்று மிஸ் வெறும் கையால் காற்றில் ஓட்டிக் காட்டினாள். அவர் மரியாதைக்குத் தலையாட்டினார்.

பிறகு பெட்டியை ஒருமுறை பார்த்தார். "நல்லா அடுக்கியிருக்கா. இதுக்கு எதுக்கு மிஸ் இவ்வளவு தூரம் வரணும்? அடுக்கி வைக்க வீட்டுலயே நெறையக் கெடக்கு."

அவர் குரலில் கோபமே இல்லை. சிறுமி எழுந்து, நாற்காலியை மேஜைக்கு அடியில் சரியாகத் தள்ளிவிட்டு, அப்பாவின் பின்னால் போனாள்.