எந்தக் கோயில் மணி?

1

இந்தக் கதை ஒரு பெண்பிள்ளையின் கேள்வியில் பிறந்தது. மலையடிவாரத்துப் பள்ளி ஒன்றுக்கு வேறு வேலையாகப் போயிருந்தேன். அன்று அங்கே மலேரியா பரிசோதனை. நர்ஸ் ஒருவர் பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து, விரல் நுனியில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைச் சின்னப் பட்டை ஒன்றில் விட்டுக்கொண்டிருந்தார். கால் மணி நேரம் பொறுத்தால் கோடு தெரியும். காய்ச்சல் இருப்பதாகக் காட்டினால் அங்கேயே மாத்திரை. வரிசையில் கடைசியாக நின்றவள், தன் முறை தள்ளிப்போகட்டும் என்றோ என்னவோ கேட்டாள்: “இந்தப் பட்டை இல்லாத காலத்துல எப்படிக் கண்டுபிடிச்சாங்க?”

நர்ஸுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து பழைய மருத்துவ நூல்களைப் புரட்டியபோது பதில் கிடைத்தது: வயிற்றைத் தொட்டு. முறைக் காய்ச்சல் என்று அன்று சொன்ன மலேரியா திரும்பத் திரும்ப வந்த பிள்ளைக்கு மண்ணீரல் வீங்கிவிடும். இடது விலாவுக்குக் கீழே விரல் வைத்து மூச்சை இழுக்கச் சொன்னால், அது வந்து விரலில் இடிக்கும்.

யாருடைய விரல், யாருடைய வயிறு என்று அந்த நூல்களில் இல்லை. அதை நான்தான் இட்டுக்கட்டினேன். ஆரணியில் இப்படி ஒரு பள்ளிக்கூடம் இருந்ததா என்று யாரும் தேடிப்போக வேண்டாம்.

2

முதல் தொடக்கம்:

“ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றாறாம் ஆண்டு ஐப்பசியில், ஆரணியின் பட்டுத் தறிகள் மழையோடு போட்டி போட்டுத் தாளமிட்டுக்கொண்டிருந்தபோது—”

வேண்டாம். தறிகள் ஓடியிருந்தால் இந்தக் கதையே இல்லை. அந்த ஐப்பசியில் பாதித் தறிகள் நின்றுபோயிருந்தன. நெசவாளி காலைத் தொங்கவிட்டு உட்காரும் தறிக்குழிக்குள் மழைநீர் ஊறிக் கிடந்தது. உட்கார வேண்டியவர்கள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நடுங்கினார்கள்.

இரண்டாவது:

“ஜெபராணி இரக்கமே உருவானவள்.”

இதுவும் வேண்டாம். [அப்படிப்பட்டவளை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? அவள் தப்பே செய்ய மாட்டாள். கதை நின்ற இடத்திலேயே நிற்கும்.]

மூன்றாவது:

ஜெபராணிக்கு எதையும் தெரிந்துகொள்ளாமல் விட முடியாது.

இதை வைத்துக்கொள்கிறேன்.

3

இருபத்தாறு வயது ஜெபராணிதான் மிஷன் பெண்பள்ளிக்கூடத்துக்கு ஒரே வாத்தியாரம்மா. நெசவாளர் தெருக்களிலிருந்து முப்பத்தொரு பிள்ளைகள் வந்துகொண்டிருந்தார்கள். மழை தொடங்கியதும் ஒன்றைக் கவனித்தாள். திங்கட்கிழமை வராத பிள்ளை செவ்வாய் வருகிறது, புதன் வருவதில்லை. வியாழன் வந்து பழையபடி ஓடியாடுகிறது. அது ஏன் என்று தெரிந்துகொள்ளாமல் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. தர்ம ஆஸ்பத்திரிக்குப் போய், அங்கே புண்ணுக்குக் கட்டுப் போட்டு மருந்து கொடுக்கும் டிரஸ்ஸர் சிங்கராயரைக் கேட்டாள்.

“முறைக் காய்ச்சல்ம்மா. வயித்தத் தொட்டுப் பாத்தா யாருக்குக் கீதுன்னு தெரிஞ்சிடும்” என்றார் அவர். “ஆனா பொம்பளப் பசங்க வயித்த நானு தொட்டா தெருவே தெரண்டு வந்துடும். நீங்களே பாருங்க.”

தன் மகளைப் படுக்கவைத்து இடத்தைக் காட்டினார். கொயினா என்று அன்று சொன்ன குயினைன் தூளைக் காகிதத்தில் பொட்டலமாகச் சுற்றிக் கொடுத்தார். அவள் வாசலுக்குப் போன பிறகு கூப்பிட்டார்.

“இன்னொண்ணு. இதச் சாப்ட்டா காதுல ஒரு எரைச்சல் கேக்கும். மருந்து நின்னா அதுவும் நின்னுடும். ஆனா பெத்தவங்ககிட்ட முன்னாடியே சொல்லிடுங்க.”

ஜெபராணி தலையாட்டினாள்.

சொல்லவில்லை.

4

மறந்துவிட்டாள் என்று எழுத எனக்கு ஆசைதான். எழுதியும் பார்த்தேன்: “வேலை மும்முரத்தில் அவள் அதை—” பொய். அவள் மறக்கவில்லை. காதில் இரைச்சல் வரும் என்று சொன்னால் யாரும் மருந்து கொடுக்க விடமாட்டார்கள் என்று பயந்தாள். அதோடு, அத்தனை பிள்ளைகளின் வயிற்றிலும் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும் என்ற ஆவல் அவளுக்கு. அந்த ஆவல் பெரிதா, இரக்கம் பெரிதா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அவளாலும் முடிந்திருக்காது.

காய்ச்சல் என்று மட்டும் சொல்லித் தாய்மார்களிடம் சம்மதம் வாங்கினாள். பெஞ்சில் ஒவ்வொருத்தியாகப் படுக்கவைத்து, முழங்காலை மடக்கச் சொல்லி, பாவாடை நாடாவைத் தளர்த்தி, “மூச்ச இழு” என்றாள். சில வயிறுகள் மெத்தென்று விரலுக்கு வழிவிட்டன. சிலவற்றில் ஏதோ ஒன்று வந்து இடித்தது.

ஒன்பது வயது உண்ணாமலையின் வயிற்றில் அது தொப்புள்வரைக்கும் இறங்கியிருந்தது. வாய்ப்பாட்டை எல்லாருக்கும் முன்னால் ஒப்பிக்கிறவள், ஒரு மாதமாகச் சுவரில் சாய்ந்தே உட்கார்ந்திருந்தாள். தன் விரலையும் வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

“வாத்தியாரம்மா, உள்ள நாடா கீது.”

நெசவாளி மகள். தறியில் ஊடை நூலைச் சுமந்துகொண்டு குறுக்கே ஓடும் நாடாவின் வழவழப்பான விளிம்பு அவளுக்குத் தெரியும். ஜெபராணி அதைக் கேட்டுச் சிரித்தாள். அப்புறம் சிரிப்பு வரவில்லை. முப்பத்தொரு பிள்ளைகளில் பதினான்கு பேருக்கு நாடா இருந்தது.

பதினான்கு பேருக்கும் அன்றே தொடங்கி, தினமும் வெல்லத்தில் வைத்துக் கொயினா கொடுத்தாள்.

5

மூன்றாம் நாள் உண்ணாமலை தன் அப்பாவிடம் சொன்னாள்: “காதுல மணி அடிச்சிகினே கீதுப்பா.”

துரைக்கண்ணு அந்தத் தெருவில் நாலு பேர் மதித்துக் கேட்கிற ஆள். வெளியே வந்து காதைத் தீட்டிக் கேட்டார். எங்கும் மணி அடிக்கவில்லை. எதிர்வீட்டுப் பிள்ளைக்கும் மணி கேட்டது. கோடிவீட்டுப் பிள்ளைக்கும் கேட்டது. மிஷன் பள்ளிக்கூடத்தில் மருந்து தின்ற பிள்ளைகளுக்கு மட்டும்தான் கேட்டது.

“வேதக்கோயில் மணிதான் அது” என்றார் துரைக்கண்ணு, மிஷன் சர்ச் இருந்த திசையைக் காட்டி. “மருந்து குடுத்தே நம்ம பசங்கள வேதத்துல சேத்துடப் பாக்குறாங்க. நானு காஞ்சிபுரம் போய் நூலு வாங்கிகினு வர்ற வரைக்கும் ஒரு பொண்ணும் அங்க போவக் கூடாது.”

மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு வந்தவர்கள் ஐந்து பேர். ஐந்து பேருக்கும் நாடா இல்லை.

6

[இங்கே என் பேனா ஒருமுறை வழுக்கியது. “ஆளில்லாத வகுப்பிலிருந்து திரும்பும் வழியில், தறிக்குழித் தண்ணீரில் நெளியும் கொசுப்புழுக்களை ஜெபராணி உற்றுப் பார்த்தாள். இதுதானோ—” என்று எழுதிவிட்டேன். அடித்தேன். அடுத்த ஆண்டுதான் செகந்திராபாத்தில் ஒரு ராணுவ டாக்டர் கொசுவின் வயிற்றுக்குள் அந்தக் கிருமியைக் கண்டார். நமக்குத் தெரிந்ததையெல்லாம் அவள் காதில் ஓதி, அவளை மேதையாக்க எனக்கு உரிமை இல்லை. அவள் தண்ணீரைத் தாண்டித்தான் போனாள். கொசு கடித்த இடத்தைச் சொறிந்துகொண்டே போனாள்.]

7

பிள்ளைகள் வராமல் நின்ற நான்காம் நாள் காலை, உண்ணாமலையை இடுப்பில் தூக்கிக்கொண்டு அவள் தாய் சின்னம்மாள் வந்தாள். ஒன்பது வயதுப் பிள்ளையை இடுப்பில் தூக்க முடிந்தது என்றால் எவ்வளவு இளைத்திருப்பாள் என்று பாருங்கள். மருந்து நின்றதும் காய்ச்சல் திரும்பியிருந்தது.

“அவரு ஊர்ல இல்ல” என்றாள் சின்னம்மாள். “எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அந்த மணி அடிக்கும்னு ஒங்களுக்கு முன்னாடியே தெரியுமா?”

தெரியாது என்றால் தப்பித்துவிடலாம். ஜெபராணி பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“தெரியும்.”

“ஏன் சொல்லல?”

“சொன்னா வேணாம்னுடுவீங்கன்னு பயந்துட்டேன். தப்பு என் மேலதான். அது மருந்தோட எரைச்சல், அவ்ளோதான்.”

சின்னம்மாள் பிள்ளையைப் பெஞ்சில் கிடத்தினாள்.

“அப்ப எனக்குக் குடுங்க. எந்தக் கோயில் மணின்னு நானே கேட்டுட்டு வரேன்.”

“உங்களுக்குக் காய்ச்சல் இல்லியே.”

“காது கீதில்ல?”

இரண்டு நாள் கொயினாவைத் தின்றாள். கசப்பில் கண்ணீர் வந்தது, வெல்லம்கூட வேண்டாம் என்றாள். மூன்றாம் நாள் காலையில் வந்து நின்றவள் குரலைக் கொஞ்சம் உயர்த்தியே பேசினாள், காதில் இரைச்சல் இருக்கிறவர்கள் பேசுகிற மாதிரி.

“மணியும் இல்ல, ஒண்ணும் இல்ல. சில்வண்டு! மழ விட்டதும் வேலியில கத்துமே, அதேதான். இதுக்கா இவ்ளோ பேஜாரு? பொண்ணுக்குக் குடுங்க. அவரு வந்து கேட்டா நானு பேசிக்கிறேன்.”

ஜெபராணிக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை. “ரெண்டு காதுலயும் கேக்குதா, ஒரு காதுலயா?”

“ரெண்டுலயுந்தான்” என்றாள் சின்னம்மாள். முதன்முறையாகச் சிரித்தாள்.

ஒரு வாரத்தில் உண்ணாமலையின் நடுக்கம் நின்றது. பசி எடுத்தது. மறுபடி சுவரை விட்டு நிமிர்ந்து உட்கார்ந்து ஏழாம் வாய்ப்பாட்டை ஒப்பித்தாள், கேட்க ஐந்து பேர்தான் இருந்தார்கள். மற்றப் பதின்மூன்று பேரும் வீட்டில் கம்பளிக்குள் கிடந்தார்கள். சின்னம்மாள் வீடு வீடாகப் போய்ச் சில்வண்டுக் கதையைச் சொன்னாள். “ஒங்க வூட்டுக்காரரு வந்து சொல்லட்டும்” என்றார்கள்.

[கொயினா காய்ச்சலை நிறுத்தும். ஆனால் சிலருக்கு மாதங்கள் கழித்து மறுபடி வரும். உண்ணாமலைக்கு வந்ததா என்று நான் எழுதவில்லை. அவள் சாப்பிடட்டும், விடுங்கள்.]

8

துரைக்கண்ணு காஞ்சிபுரம் போன பதினைந்தாம் நாள் திரும்பினார். நூல் மூட்டையை வீட்டில் போட்டார், மகள் எங்கே என்று கேட்டார், நேரே பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டார். பின்னாலேயே சின்னம்மாளும், தெருவில் பாதியும்.

“என் பொண்ணுக்கு இன்னா குடுத்தீங்க?”

“கொயினா” என்றாள் ஜெபராணி. “காதுல எரைச்சல் வரும்னு தெரிஞ்சும் ஒங்ககிட்டச் சொல்லாம விட்டேன். அது என் தப்பு. மருந்து மேல தப்பில்ல.”

அவர் கை நடுங்கியது. கோபம் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். ஜெபராணியும் அப்படித்தான் நினைத்து ஓரடி பின்வாங்கினாள். உண்ணாமலை மட்டும் அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை, பல்லைப் பார்த்தாள். அது கிடுகிடுவென்று அடித்துக்கொண்டிருந்தது.

“அப்பா, ஒனக்கும் குளுருதா?”

அவள் எழுந்தாள். பாவாடையின் நுனியால் பெஞ்சைத் துடைத்தாள்.

“இங்க படு. நானு பாக்கறேன்.”

ஒரு முடிவு எழுதினேன்: அவர் படுத்தார், மறுநாள் முப்பத்தொரு பேரும் வந்தார்கள். அது என்னைச் சமாதானப்படுத்திக்கொள்ள எழுதியது. இன்னொன்று எழுதினேன்: மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார், அந்தப் பதின்மூன்று பேரில்— அந்த வரியை முடிக்கக் கை வரவில்லை. இரண்டையும் அடித்துவிட்டேன்.

இப்போது வாசலில் தெருவே நிற்கிறது. ஜெபராணி பெஞ்சை விட்டு விலகி இடம் விடுகிறாள். சின்னம்மாள், “சில்வண்டுதாங்க அது” என்கிறாள், வாசல்வரைக்கும் கேட்கும்படி சத்தமாக. துரைக்கண்ணு தோளிலிருந்த துண்டைக் கையில் எடுத்துவிட்டார். பெஞ்சில் விரிக்கவா, உதறிப் போட்டுக்கொண்டு கிளம்பவா என்பது எனக்குத் தெரியவில்லை. அவரைப் போன்ற அப்பாக்களை நீங்கள் என்னைவிட அதிகம் பார்த்திருப்பீர்கள். நீங்களே சொல்லுங்கள்.