மைமூன் பீவி இடப்பக்கம் திரும்பினாள்

கொல்லம் ஆண்டு ஆயிரத்து நூற்றொன்பது ஆனி மாதம் குளச்சல் கருவாட்டு வியாபாரி மைமூன் பீவிக்குப் பக்கவாதம் வந்தது. அப்போது அவளுக்கு அறுபத்தேழு வயது. ஆஸ்பத்திரியில் சேர்த்த இரண்டு வாரத்தில் கையும் காலும் வசத்துக்கு வந்துவிட்டன. தொண்டைதான் வரவில்லை. ஒரு கரண்டி கஞ்சி கொடுத்தால் பாதி மூக்கில் வந்தது. மீதி புரையேறிக் கண் பிதுங்க இருமினாள். இரண்டு முறை நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சலும் கண்டபிறகு, வாய்வழியாக எதுவும் கொடுக்கக் கூடாது என்று டாக்டர் சுந்தர்சிங் சொல்லிவிட்டார். அன்றுமுதல் நர்ஸ் தேவகனி மூன்று வேளையும் மூக்கில் ரப்பர் குழாய் விட்டுப் பால் ஊற்றினாள். மைமூன் பீவி கட்டில் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வாள்.

செவ்வாய்க்கிழமை மகன் ஜலாலுதீன் வந்து டாக்டரிடம் மெதுவாகப் பேசியது அவள் காதில் விழுந்தது.

"வெள்ளிக்கிழமை ஜும்மா முடிஞ்சு வண்டி கொண்டு வாறேன் டாக்டரே. உம்மா வீட்டுல கிடக்கட்டும்."

வீட்டில் குழாய் போட ஆள் கிடையாது. எதற்குக் கூட்டிப்போகிறான் என்பது அவளுக்கு விளங்கியது. மகன்மேல் கோபம் வரவில்லை. பசிதான் வந்தது.

இடப்பக்கத்துக் கட்டிலில் தோவாளை செல்லக்கனி கிடந்தாள். பூந்தோட்டத்து வரப்பில் வழுக்கி இடுப்பெலும்பு ஒடிந்தவள். இருவருக்கும் ஜன்னலால் தினமும் சண்டை. ஒருத்திக்குக் காற்று வேண்டும், மற்றவளுக்குக் குளிர் ஆகாது.

புதன்கிழமை காலை மைமூன் பீவி தொழுகைக்காகக் கட்டிலில் இருந்தபடியே ஒளு செய்யக் கை கழுவினாள். வாய் கொப்பளிக்கத் தண்ணீரை வாயில் வைத்திருந்த நேரத்தில் செல்லக்கனி ஆரம்பித்தாள்.

"பீவி, அந்த ஜன்னல அடைக்கச் சொல்லுங்க. எலும்பெல்லாம் கடுக்கு."

மைமூன் பீவி கழுத்தை முழுக்கத் திருப்பி அவளை முறைத்தாள். வாயிலிருந்த தண்ணீர் உள்ளே போய்விட்டது. ஐயோ என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமலுக்குக் காத்திருந்தாள். இருமல் வரவில்லை.

நேரே பார்த்தபடி இன்னொரு மிடறு குடித்தாள். புரையேறிக் கண்ணில் நீர் கொட்டியது. மூச்சு நிதானப்பட்டதும் மறுபடி இடப்பக்கம் திரும்பிக் குடித்தாள். வழுக்கிக்கொண்டு இறங்கியது.

"ஏட்டி, பாத்தியா? உன்னப் பாத்தா வெள்ளம் எறங்குது!"

"என்னப் பாத்தாலா? எனக்க மூஞ்சியிலயா மருந்து இருக்கு?"

கழுத்தைத் திருப்பாமல் கண்ணால் மட்டும் செல்லக்கனியைப் பார்த்து ஒரு சொட்டு விழுங்கினாள். இருமல் வந்தது. வலப்பக்கம் திரும்பி விழுங்கிப் பார்த்தாள், அதற்கும் இருமல்.

"மூஞ்சி இல்ல பீவி, கழுத்துதான்" என்றாள் செல்லக்கனி. அவளுக்கு ஜன்னல் மறந்துபோயிற்று.

மறுநாள் தன் கஞ்சியில் தெளிவை வடித்துவிட்டு, குழைந்த சோற்றை இரண்டு கரண்டி நீட்டினாள். மைமூன் பீவி அதைத் தின்றுவிட்டுக் காய்ச்சல் வருகிறதா என்று இரவெல்லாம் தன் நெற்றியைத் தானே தொட்டுப் பார்த்தாள். விடிந்தபோதும் உடம்பு சில்லென்றிருந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வண்டி வந்து நின்றது. ஜலாலுதீன் பாயைச் சுருட்டினான்.

"வை அத. டாக்டர விளி. நான் கஞ்சி குடிச்சுக் காட்டுதேன்."

"வேண்டாம் உம்மா, நெஞ்சுல போயிரும்" என்று தேவகனி தடுத்தாள்.

சத்தம் கேட்டு டாக்டர் வந்தார். இரண்டு நாளாக நடந்ததைச் செல்லக்கனி மூச்சுவிடாமல் சொல்லித் தீர்த்தாள். திருட்டுக் கஞ்சி கொடுத்ததற்கு அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஒரே ஒரு கரண்டி" என்றார் டாக்டர். மைமூன் பீவியின் தொண்டையில் இரண்டு விரலை வைத்துக்கொண்டார்.

அவள் மோவாய் தோளைத் தொடும்வரை இடப்பக்கம் திரும்பினாள். விழுங்கினாள். டாக்டரின் விரலடியில் தொண்டை ஏறி இறங்கியது.

"பேசுங்க."

"என்ன பேச? இன்னும் ஒரு கரண்டி தரச் சொல்லும்."

குரலில் கொழகொழப்பு இல்லை; கஞ்சி மூச்சுக்குழலில் போகவில்லை. வார்டில் சிரிப்பு எழுந்தது. ஒன்று பத்தாயிற்று, கிண்ணம் காலியாயிற்று.

"இடப்பக்கத் தொண்டை செயலத்துக் கிடக்கு" என்று டாக்டர் ஜலாலுதீனிடம் சொன்னார். "அந்தப் பக்கம் திரும்பினா அந்த வழி அடைஞ்சு, நல்ல பக்கம் வழியாப் போகுது. எனக்கு இது தோணல. உங்க உம்மாதான் கண்டுபிடிச்சாங்க."

ஜலாலுதீன் சுருட்டிய பாயை மறுபடி கட்டிலடியில் வைத்தான். பிறகு வெளியே போய் வண்டிக்காரரைத் திருப்பி அனுப்பினான்.

அடுத்த வாரம் மசித்த மரச்சீனிக் கிழங்கும் முள் எடுத்த மீன்கறியும் வீட்டிலிருந்து வந்தன. மைமூன் பீவி ஒவ்வொரு வாய்க்கும் திரும்பி, விழுங்கி, மூச்சு வாங்கி, அடுத்த உருண்டையை எடுத்தாள். தட்டு காலியாக ஒரு மணி நேரம் ஆயிற்று. தேவகனி மற்ற வேலைகளை விட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு வாயையும் தவறவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"புளி கொஞ்சம் கூடிப்போச்சு" என்றாள் மைமூன் பீவி, விரலைச் சப்பிக்கொண்டே.