வைத்தீஸ்வரனின் பெடல்கள்

1974 மார்ச்சில் ஒரு திங்கட்கிழமை மாலை கிடர்பூரில் தமயந்தி சைக்கிள் மிதித்தபோது, பவானிபூரில் சாய்வு நாற்காலியில் இருந்த வைத்தீஸ்வரனின் கால்களும் மிதித்தன. பக்கவாதத்தில் விழுந்து இரண்டு வருடமாக அசையாத கால்கள் அவை. வலது கால் கீழே போக இடது கால் மேலே வந்தது, பிறகு மாறியது. சற்று நேரம் மேடு ஏறுவதுபோலத் திணறின, உடனே இறக்கத்தில் விட்டதுபோலப் பறந்தன, அரைமணியில் நின்றன. அவர் ரயில்வேயில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவர், எதையும் சட்டென்று நம்புகிறவர் அல்ல. மனைவி சாவித்திரி மாமி நாற்காலிக்கு அடியில் இருந்த பித்தளைச் செம்பை எடுத்து அப்பால் வைத்தாள். மறுநாள் மாலையும் அதே நேரத்தில் கால்கள் ஓடின. டாக்டர் வந்து பார்த்து, நரம்பு என்றார். போகும்போது மீன் விலை ஏறியிருப்பதையும் சொன்னார்.

தமயந்திக்கு இது எதுவும் தெரியாது. துறைமுக அலுவலகத்தில் டைப்பிஸ்ட். மாலையில் பவானிபூரில் பி.காம். வகுப்பு. பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய்ச் சேருவதற்குள் பெயர் கூப்பிட்டு முடித்திருப்பார்கள். வருகைப் பதிவு குறைந்தால் பரீட்சை எழுத முடியாது. புது சைக்கிளுக்கு வழியில்லை, அதனால் அவளே ஒன்றைச் சேர்த்தாள். பிரேம் ஏதோ கப்பலில் வந்து, யாரும் கேட்டு வராமல் துறைமுகத்துப் பழைய இரும்புக் கடையில் துருப்பிடித்துக் கிடந்தது. பின்சக்கரம் ஹவுராவில் கிடைத்தது. கலைந்துபோன ஒரு சர்க்கஸ் கம்பெனியின் சக்கரம். அதற்கு ஃபிரீவீல் கிடையாது. சக்கரம் சுற்றினால் பெடலும் சுற்றும், பெடலை நிறுத்தினால் சக்கரமும் நிற்கும், பின்னால் உருட்டினால் பெடலும் பின்னால் போகும். யாருக்கும் வேண்டாத சக்கரம் என்பதால் மலிவு. கிராங்க், பெடல், செயின் மூன்றையும், வகுப்புக்குப் போகும் வழியில் பழக்கமான சாவித்திரி மாமி கொடுத்தாள். வைத்தீஸ்வரன் வேலை பார்த்த காலமெல்லாம் ஹவுரா பாலத்தைத் தாண்டிப் போய்வந்த சைக்கிளில் மிஞ்சியவை. "எடுத்துண்டு போடிம்மா, இதைப் பாத்தாலே அவருக்கு மனசு ஆறலை" என்றாள். புடவை செயினில் மாட்டாமலிருக்க ஒரு பிஸ்கட் டின்னை வெட்டி மூடி செய்தாள் தமயந்தி. ஒவ்வொரு நட்டையும் முறுக்கி, தளர்த்தி, மறுபடி முறுக்கினாள். அன்றைய டைரியில், சரியாகத்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன் என்று எழுதினாள்.

சைக்கிள் நன்றாக ஓடியது, ஆனால் உயிரை வாங்கியது. ஆதிகங்கைப் பாலத்து இறக்கத்தில் கொஞ்சம் காலை ஓய்வாக வைக்கலாம் என்றால் பெடல்கள் விடாது, காலைப் பிடித்துச் சுழற்றும். மழைக்காலம் வருவதற்குள் முழங்கால் இரண்டும் வலித்தன. சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஒரு ஃபிரீவீல் வாங்கினாள். அதை மாட்டப் போகும் வழியில், பெடல் கொடுத்தவர்களிடம் வண்டியைக் காட்டிவிட்டுப் போகலாமென்று வைத்தீஸ்வரன் வீட்டு நடைக்குள் தள்ளிக்கொண்டு வந்தாள்.

உள்ளே நாற்காலியில் கால்கள் மெதுவாக நடந்தன.

"நில்லுடி!" என்று கத்தினாள் மாமி. தமயந்தி நின்றாள். கால்களும் நின்றன. "பின்னாடி தள்ளு." கால்கள் பின்னால் போயின. மாமி நாற்காலியையும் சைக்கிளையும் மாறிமாறிப் பார்த்தாள்.

தமயந்திக்கு முதலில் தோன்றியது எந்த நட்டைத் தப்பாக மாட்டினோம் என்பதுதான். "மாமா, மன்னிச்சிருங்க. நான் எங்கயோ தப்பு பண்ணிட்டேன். இதோ, ஃபிரீவீல் போட்டா சரியாயிரும்."

"போட்டா என்ன ஆகும்?" என்றார் வைத்தீஸ்வரன்.

"எறக்கத்துல மிதிக்க வேண்டாம். தள்ளிட்டுப் போனாலும் பெடல் சுத்தாது."

அவர் குனிந்து தன் கால்களைப் பார்த்தார். "அந்தப் பாலத்து எறக்கம் இருக்கே," என்றார், "நாள் முழுக்க அதுக்குத்தான் காத்துண்டிருக்கேன்."

"குழந்தைக்கு முழங்கால் போறது, உங்களுக்கு எறக்கம் கேக்கறதா?" என்றாள் மாமி. ஆனால் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் சொன்னாள். தமயந்தி ஃபிரீவீலை டிபன் டப்பாவில் வைத்து மூடினாள். அதை மாட்டலாமா என்று பிறகும் பல நாள் யோசித்தாள். மாட்டவில்லை. மாமி வாரம் ஒருமுறை நல்லெண்ணெய் காய்ச்சி அவள் முழங்காலில் தேய்த்துவிட்டாள். மாமா தனக்கும் தேய்த்துவிடச் சொன்னார். ஒரே வண்டி, ஒரே வலி என்று வாதாடினார்.

1976இல் கடைசிப் பரீட்சையன்று நகரம் முழங்கால் தண்ணீரில் நின்றது. டிராம், பஸ் எதுவும் இல்லை. தமயந்தி அலுவலகப் படியில் வழுக்கிக் கணுக்கால் வீங்கி, சுவரில் சாய்த்த சைக்கிளின் பக்கத்தில் அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தாள். பவானிபூரில் வைத்தீஸ்வரன் கடிகாரத்தைப் பார்த்தார். கால்கள் சும்மா இருந்தன. "மணி ஆயாச்சு, அவளைக் காணுமே. பரீட்சைடி இன்னிக்கு!" என்று நாற்காலியின் கைகளைப் பிடித்து, பல்லைக் கடித்து, வலது காலைத் தானே அழுத்தினார். கிடர்பூரில் பெடல் ஒரு சுற்று சுற்றியது. தமயந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏறினாள். இரு கால்களையும் ஒருபக்கமாகத் தொங்கவிட்டு ஹாண்டில்பாரை மட்டும் பிடித்தாள். சைக்கிள் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு, பாலம் ஏறி இறங்கி, கல்லூரி வாசலில் அவள் பிரேக் பிடித்தபோது நின்றது. வீட்டில் வைத்தீஸ்வரன் வியர்வையைத் துடைத்து, காபி கேட்டார். இரண்டு டம்ளர் குடித்தார். தமயந்தி பாஸ் செய்தாள். ஃபிரீவீலை இரும்புக் கடையில் எடைக்குப் போட்டாள்.

வருடங்கள் போயின. ஹவுராவில் அவளுக்குக் கணக்கர் வேலை கிடைத்தது. பழைய ஹவுரா பாலத்தைப் பெடல்கள் அடையாளம் கண்டுகொண்டன. மாமாவின் கால் நின்றால் அக்கம்பக்கத்துப் பெண்கள், தமயந்தி ஆபீஸ் சேர்ந்துவிட்டாள் என்று தெரிந்துகொண்டு உலை வைத்தார்கள்.

1984 அக்டோபரில் பவானிபூருக்கு மெட்ரோ வந்தது. வைத்தீஸ்வரன் பார்க்க வேண்டும் என்றார். தமயந்தி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு முன்னால் நடந்தாள்; கைத்தடியை ஊன்றி அவர் பின்னால் நடந்தார். ஒரு தள்ளுவண்டிக்கு வழிவிட அவள் பின்வாங்கியபோது அவரும் பின்வாங்கினார். ஸ்டேஷன் படியில் சைக்கிளை இறக்கக் கூடாது என்றார் காவலர். அது சட்டம், அவரைக் குறை சொல்ல முடியாது. வாசலிலேயே ஸ்டாண்ட் போட்டுப் பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தினார்கள். மாமி குனிந்து பெடலைக் கையால் சுற்ற, மாமா தமயந்தியின் தோளைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினார்.

"ஆஸ்தே, மாஷிமா, ஆஸ்தே!" என்று வரிசையில் நின்றவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லி மேலே அனுப்பினார்கள். மாமி வேகத்தைக் குறைத்து மெதுவாகச் சுற்றினாள். ரயிலில் உட்கார்ந்துவிட்டார் என்ற செய்தி வந்ததும் நிறுத்தி, பெடலைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

புதிதாக வரிசைக்கு வந்த ஒருவர், இந்த அம்மா எதற்கு இப்படிக் குனிந்து நிற்கிறாள் என்று கேட்டார். அவள் வீட்டுக்காரர் எஸ்பிளனேட் வரை போயிருக்கிறார் என்றார்கள். அவர் தலையாட்டிவிட்டு, தன் பையனைப் பெடலில் படாமல் சைக்கிளிலிருந்து ஓரடி தள்ளி நிற்கச் சொன்னார்.