ஆறு மணிக்கு ஆடிய வீடு

1962 நவம்பர் கடைசி வாரத்திலிருந்து, நந்திதுர்க் தங்கச் சுரங்கத்துத் தொழிலாளர் லைன் வீடுகளில் மரியகுழந்தையின் வீடு மட்டும் தினமும் மாலை ஆறு மணிக்கு ஆடியது. பக்கத்து வீட்டுக்கும் அதற்கும் பொதுச்சுவர் ஒன்றுதான். இருந்தும் அந்தப் பக்கம் வேலுவின் டம்ளரில் தண்ணீர்கூட அசையவில்லை. வேலு இதைப் பெருமையாகவே சொல்லிக்கொண்டு திரிந்தான்.

இந்த ஊரில் பூமி ஆடினால் சுரங்கத்தில் பாறை வெடித்திருக்கிறது என்று பொருள். பெண்கள் போட்டது போட்டபடி சுரங்க வாயிலான ஷாஃப்டுக்கு ஓடுவார்கள். ஆட்களை ஏற்றிவரும் கேஜ் மேலே வந்து தங்கள் ஆள் இறங்கும்வரை அங்கேயே நிற்பார்கள். மரியகுழந்தையும் கைக்குழந்தையோடு ஓடினாள். மாமனார் இஞ்ஞாசி செகண்ட் ஷிப்டில் கீழே இருந்தார். "எங்கியும் ஆடலியேம்மா, வூட்டுக்குப் போங்க," என்றார் வாட்ச்மேன். மறுநாளும் ஓடினாள், அதற்கடுத்த நாளும் ஓடினாள். ஊர் சிரித்தது. பாவம், ஓடிய இடம்தான் தப்பு.

டிசம்பரில் தந்தி வந்தது. பட்டாளத்தில் சேர்ந்து சீன எல்லைக்குப் போன அவள் புருஷன் சகாயத்தைக் காணவில்லை, இறந்திருக்கக்கூடும் என்றது. இஞ்ஞாசி அச்சடித்த காகிதத்தை அப்படியே நம்புகிறவர். மூன்று நாள் அழுதுவிட்டு, மகனின் ஆத்துமாவுக்குப் பூசை வைக்கச் சர்ச் சாமியாரிடம் தேதி வாங்கிவந்தார். மரியகுழந்தை அவர் எதிரே வந்து நின்றாள்.

"பூசை வெச்சா அவரு நெஜமாவே செத்துப்பூடுவாரு மாமா. ஒரே ஒரு நாள் ஆறு மணிக்கு வூட்ல இருங்க. அப்புறம் உங்க இஷ்டம்."

முப்பது வருடத்தில் முதல்முறையாக இஞ்ஞாசி ஷிப்டுக்குப் போகவில்லை. ஆறு மணிக்கு வீடு ஆடியது. சுரங்கத்தில் பாறை அதிர்ந்தால் சுவரில் கை வைத்து அதிர்வு எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்ப்பது அங்கே வழக்கம். அவரும் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்தார். வெகுநேரம் ஆகவில்லை.

"கீழ இருந்து வரலம்மா. வடக்கால இருந்து வருது. ரொம்ப தூரம்," என்றார். "பையன் நம்மள நெனைக்கறான்."

காலையில் போய்ப் பூசையை நிறுத்தினார்.  சாமியார் அதைப் பயணம் போனவர்களுக்கான பூசையாக மாற்றிவிட்டார். குழந்தையின் பிறந்த நாளன்று நடுக்கம் பலமாக இருந்தது. ஈஸ்டரன்று சுவரே விரிசல் விட்டு, கம்பெனிக் கொத்தனார் வந்து பூசிவிட்டுப் போனார். சகாயம் சீனாக்காரனிடம் கைதியாக இருக்கிறான் என்ற கடிதம் அதற்குப் பிறகுதான் வந்தது. லைனில் யாருக்கும் அது புதிய செய்தியாக இல்லை.

மே மாதம் சகாயம் பாதி உடம்பாக இளைத்துத் திரும்பி வந்தான். அவன் வாசற்படி ஏறிய நாளிலிருந்து வீடு ஆடாமல் நின்றது. எல்லோருக்கும் சந்தோஷம், மரியகுழந்தையைத் தவிர. பத்து நாள் பொறுத்துப் பார்த்தாள். பதினோராம் நாள் தோசை வார்த்துக்கொண்டிருக்கும்போது கேட்டேவிட்டாள்.

"வந்ததுல இருந்து வூடு ஒரு தடவகூட ஆடல. என்னிய மறந்துட்டீங்களா?"

"இன்னாமே இது? எதிர்லியே நிக்கிற ஆள எப்டி நெனைக்கிறது?" என்று முழித்த சகாயம், குடத்தை எடுத்துக்கொண்டு எட்டு வீடு தள்ளியிருந்த குழாயடிக்குப் போனான். அங்கே வரிசை நீளம்.

கொஞ்ச நேரத்தில் வீடு லேசாக ஆடியது. மரியகுழந்தை மாவுச் சட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு அடுத்த தோசையை வார்த்தாள்.