முப்பது வாட்

மூன்றாவது தடவையாக லேப்டாப் பாதிப் பாடத்தில் கண்ணை மூடிவிட்டது. வகுப்பில் காது கேளாத பதினொரு பிள்ளைகள் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, வாத்தியார் அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போயிருக்கிறார். அவர் பேசப் பேச, வீட்டிலிருந்தபடியே அதைத் தட்டச்சு செய்து அந்தத் திரைக்கு அனுப்புவதுதான் விரலக்காவின் வேலை. பெயர் வைத்தது அந்தப் பிள்ளைகள்தான். ஐம்பத்துநாலு வயதில் ஒருத்திக்குச் சொந்தச் சம்பளமும் பட்டப்பெயரும் சேர்ந்து கிடைப்பது என்ன லேசுப்பட்ட காரியமா?

கல்லூரி மேலாளர் கறாராகச் சொல்லிவிட்டார். "இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள மெக்கானிக்கிட்ட எழுதி வாங்கி அனுப்புங்க. மெஷின் கோளாறுன்னா மேலே பேசிப் பார்க்கிறேன். உங்க கவனக்குறைவுன்னா நாளையிலிருந்து வேற ஆள்தான், மன்னிச்சுக்கோங்க."

லேப்டாப்பையும் சார்ஜரையும் பையில் போட்டுக்கொண்டு ரிப்பேர் கடைக்கு ஓடினாள்.

"பேட்டரி போச்சுன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க தம்பி, போதும். என் பையன் இன்ஜினியர். போன்லயே எல்லாம் பார்த்துட்டான்."

"என்னென்ன பார்த்தாரு?" மெக்கானிக் நெற்றியிலிருந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார்.

அதை ஏன் கேட்கிறீர்கள்! நாலு மாதமாக அவன் சொல்லச் சொல்ல அவள் செய்யாதது ஒன்று பாக்கியில்லை. பவர் பட்டனை முப்பது எண்ணும்வரை அமுக்கிப் பிடித்தாள். சார்ஜர் சொருகும் ஓட்டையைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தாள். சார்ஜ் முழுக்க இறங்கவிட்டு ஏற்றினாள். வெளிச்சத்தைக் குறைத்துக் குறைத்துக் கண்ணே பூத்துப்போனது. மத்தியானச் சோற்று நேரத்தில் லேப்டாப்பை அணைத்துவைத்து, அது சாப்பிடட்டும் என்று பக்கத்திலேயே காவலிருந்து தான் பட்டினி கிடந்தாள். அணைத்திருந்தால் ஏறும், வேலையைத் தொடங்கினால், சொருகியிருக்கும்போதே இறங்கும். "நீ யூஸ் பண்றது சரியில்லம்மா" என்பான் பையன். சரிதான் போலிருக்கிறது என்று நம்பித் தொலைத்தாள்.

மெக்கானிக் பத்து நிமிடம் எதையோ தட்டிப் பார்த்தார். "பேட்டரி தங்கம் மாதிரி இருக்குக்கா. அந்தச் சார்ஜரைக் குடுங்க." வாங்கிப் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்தார். "இது முப்பது வாட். இந்த லேப்டாப்புக்கு அறுபத்தஞ்சு வேணும். இது உங்களுதே இல்லையே?"

"நான் ஏன் தம்பி மாத்தப்போறேன்? வீட்ல இருக்கிறது நான் ஒருத்தி…" என்றவள் அப்படியே நின்றாள். நாலு மாதத்துக்கு முன்னால் பையன் வந்து இரண்டு நாள் தங்கிவிட்டுப் போயிருந்தான்.

"சார்ஜர்தான் தப்புன்னு எழுதறேன். பேட்டரி மேல பொய் எழுத முடியாதுக்கா, கடை முத்திரை வைக்கிறேன் பாருங்க" என்றார் மெக்கானிக்.

வாசலுக்கு வந்து பையனைக் கூப்பிட்டாள். எடுத்த எடுப்பிலேயே, "போன தடவை வந்தப்போ என் சார்ஜரை எடுத்துட்டுப் போனியா?" என்றாள்.

"ஆமாம்மா. என்னுது புகைஞ்சிடுச்சு, பஸ்சுக்கு வேற நேரமாச்சு. டேப்லெட் சார்ஜரை வெச்சிட்டு வந்தேன். உனக்கு அது போதும்னு நெனச்சேன்."

"நாலு மாசமா கேட்டேனேடா. அப்பவாவது சொல்லியிருக்கலாமே?"

"எப்படிச் சொல்றதுன்னு… நீ கேக்கறப்போ ஏதாவது சொல்லணுமில்லம்மா?"

அடப்பாவி! அந்த பிரஷ்ஷால் தேய்த்துத் தேய்த்து நகம் பெயர்ந்ததே. ஆனாலும் வேலை முக்கியம், குரலை அடக்கிக்கொண்டாள். "சரி, போகட்டும். நான்தான் மாத்தி வெச்சேன், அம்மாவுக்குத் தெரியாதுன்னு காலேஜுக்கு ஒரு மெயில் போடு. வேலை தப்பிச்சிடும்."

"என் பேர்லயா? எழுத்துல எல்லாம் போய் எதுக்கும்மா? போனா போகுது, டைப்பிங்தானே. நானே பேசணும்னு இருந்தேன். ஒண்ணாம் தேதி உன் மருமக திரும்ப ஆபீஸ் போறா. குழந்தையைப் பார்த்துக்க ஆள் தேடிட்டிருக்கோம். நீ இங்கே வந்துட்டா நல்லாயிருக்கும். டிக்கெட் போடட்டுமா?"

"போடாதே."

"ஏம்மா?"

"இங்கே வந்து என் சார்ஜரை எடுத்துட்டுப் போனே. அங்கே வந்தா என்னையே எடுத்துப்பே. அதுவும் உனக்குத் தப்புன்னு தெரியாது. நல்லா தேடு, ஆள் கிடைப்பாங்க."

உள்ளே வந்தாள். மெக்கானிக் எழுதித் தந்த தாளைப் படமெடுத்து மேலாளருக்கு அனுப்பினாள். 'சார்ஜரை என் மகன் மாற்றிவிட்டான், எனக்குத் தெரியாது' என்று கீழே சேர்த்துக்கொண்டாள். பதில் வரும் வரை சும்மா இருப்பானேன் என்று, கடையிலேயே சரியான சார்ஜரை வாங்கிச் சொருகினாள். பதில் உடனே வந்தது: 'இதை மெஷின் கோளாறு என்று சொல்ல முடியாதே, அம்மா. நாளை முதல் வேறு ஆள்.'

அவள் அழவில்லை. அந்தப் பதினொரு பேருக்காவது, பாதியில் விட்டதற்கு மன்னிச்சுக்கோங்க என்று திரையில் ஒரு வரி எழுதிவிட்டுப் போகலாம் என்று வகுப்பைத் திறந்தாள். கடவுச்சொல்லைக் கேட்டது. போட்டாள். காலையில் ஏற்றுக்கொண்டது, இப்போது ஏற்கவில்லை. மறுபடியும் ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துப் போட்டாள்.

"சார்ஜ் நல்லா ஏறுதாக்கா?" என்றார் மெக்கானிக்.

"ஏறுது தம்பி" என்றாள் விரலக்கா, மூன்றாவது தடவையாகக் கடவுச்சொல்லைத் தட்டிக்கொண்டே.