பூஜையில் வைத்த நோட்டு

படுத்த படுக்கையாகக் கிடக்கும் பெண்ணின் தலைமுடி இரண்டே வாரத்தில் என்ன ஆகும் தெரியுமா, கண்ணுகளா? தெரியாவிட்டால் நல்லது. தமயந்திக்குத் தெரியும். அவள் டாலிகஞ்சில் ஒரு நர்சிங் ஹோமில் ஆயா. தலையணையில் உரசி உரசி, வேர்வையும் மருந்தும் பட்டு, பின்மண்டை முடி கம்பளித் துண்டு மாதிரி இறுகிப்போகும். சீப்பை வைத்தால் நோயாளி அலறுவாள். சிஸ்டர் வாசலில் நின்றபடியே, "கேட்டே தாவ், தமயந்தி" என்பாள். வங்காளியில் வெட்டிவிடு என்று அர்த்தம். கத்தரியை எடுக்க வேண்டியது தமயந்தியின் கை.

இடுப்பு எலும்பு முறிந்து வந்தபோது பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்த மாஷிமாக்கள்கூட, முடி போனதும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு அழுவார்கள். அந்த ஊரில் வயதான பெண்களை மாஷிமா என்றுதான் கூப்பிடுவது, நாம் சித்தி, பெரியம்மா என்பதுபோல. வெட்டிய முடியைக் கூடையில் போடும்போதெல்லாம் தமயந்தி ஏதோ பாவம் செய்தவள் மாதிரி கையைத் திரும்பத் திரும்பக் கழுவுவாள்.

ஒருநாள் ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு நோயாளிக்கு முடி மழிக்க ஆள் வந்தான். பாட்டரியில் ஓடும் மெஷின் வைத்திருந்தான். இரண்டு வரிசைப் பல், ஒன்றின்மேல் ஒன்று விறுவிறுவென்று ஓடி வெட்டியது. தமயந்தி தட்டைப் பிடித்துக்கொண்டு பார்த்தபடி நின்றாள். இதே பல் கூராக இல்லாமல் மொழுக்கென்று இருந்தால் வெட்டாது. ஆனால் ஆடும். ஒரு வரிசை இடப்பக்கம் போகையில் இன்னொன்று வலப்பக்கம் போனால், நாம் விரலால் நோண்டி நோண்டிச் சிக்கெடுப்போமே, அதை அது செய்யுமே!

அன்று சாயங்காலம் ஹவுராவுக்கு ஆற்றைக் கடக்கும் லஞ்ச் படகில் நின்றுகொண்டே, பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் முதல் படத்தைப் போட்டாள். அதற்கப்புறம் மகள் ஜெயப்ரியாவின் பழைய கணக்கு நோட்டில் மிச்சமிருந்த பக்கங்கள். தமயந்திக்கு எட்டாவது வரைக்கும்தான் படிப்பு. அதனால் அளவெல்லாம் தீப்பெட்டி அகலம், அரிசி நீளம் என்று அவளுக்குத் தெரிந்த கணக்கில் இருந்தது. அரிசி நீளத்துக்கு ஒரு பல், பல்லின் நுனி மிளகு மாதிரி உருண்டை. பழைய டேப் ரெக்கார்டரின் மோட்டாரும் அதன் ரப்பர் பெல்ட்டும். இரண்டு பென்சில் செல். பர்ஸில் போட்டுக்கொண்டு வார்டு வார்டாகப் போகலாம்.

பல்லையும் பிடியையும் கடைந்து கொடுத்தது அண்ணன் மாரியப்பன். அவனுக்கு ஹவுராவிலேயே பிளாஸ்டிக் அச்சு வார்க்கும் பட்டறை. அப்பா போனபின் அவளை வளர்த்து, ரயில்வேயில் வேலை பார்த்த முத்துகிருஷ்ணனுக்குக் கட்டிக்கொடுத்ததும் அவன்தான். ஒன்பது வயதில் அவளுடைய வலது கட்டைவிரல் பட்டறைப் பிரஸ்ஸில் நசுங்கியபோது, தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவன். விரல் பிழைத்தது. மடங்காது. கொஞ்சம் வெளிப்பக்கம் வளைந்திருக்கும். அந்த விரல் உட்கார்வதற்கென்று சீப்பின் பிடியில் ஒரு பள்ளம் வைத்தாள். மற்றவர்களுக்கு அந்தப் பள்ளத்தால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

"அண்ணே, மீசையக் குடுங்க. ஓட்டிப் பாப்போம்."

"போத்தா! இந்த மீசை இருக்குறவரைக்கும்தான் உங்க மதினி கொஞ்சமாவது பயப்படுறா."

சிரித்தார்கள். பிறகு மீசையை நீட்டத்தான் செய்தான்.

வார்டில் முதலில் ஓட்டியது ஆரதி மாஷிமாவின் தலையில். இடுப்பு வரைக்கும் முடி, வெள்ளை வெளேரென்று. முக்கால் மணி நேரம் ஆயிற்று. பாதியிலேயே மாஷிமா தூங்கிப்போனாள். கேட்டே தாவ் சொல்ல வந்த சிஸ்டர் வாய் திறக்காமல் நின்று பார்த்துவிட்டுப் போனாள். விழித்ததும் மாஷிமா பின்னலைத் தோள்வழியாக முன்னால் இழுத்துப் போட்டுத் தடவித் தடவிப் பார்த்தாள். "இனி என் தலையில் நீ ஒருத்திதான் கை வைக்கணும்" என்று தமயந்தியிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

ஒரே குறை, அந்த ரப்பர் பெல்ட். அடிக்கடி கழன்றது.

"பெல்ட்ட வச்சா எவன் மதிப்பான்? பல்சக்கரம் போட்டுரு. டப்பாவுல உன் பேருதான் இருக்கும். தமயந்தி சீப்பு. பார்ட்டி புடிக்கிறது என் பொறுப்பு" என்றான் அண்ணன்.

இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம் அஷ்டமியன்று, தெருவெல்லாம் துர்கா பூஜைக் கொட்டு முழங்கிக்கொண்டிருக்க, அவள் உட்கார்ந்து அந்தப் பக்கத்தை வரைந்தாள். சின்னச் சக்கரத்துக்கு ஒன்பது பல், பெரியதற்கு இருபத்தேழு. மறுநாள் நவமி. வங்காளிகளுக்கு சரஸ்வதி பூஜை தை, மாசியில்தான் வரும். நமக்கு அன்றைக்கு. நோட்டுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, மேலே ஒரு செண்டுமல்லியைச் செருகி, அண்ணன் பட்டறையில் சுத்தியல், ஸ்பேனர்களோடு சேர்த்து சாமிமுன் வைத்துவிட்டு டியூட்டிக்குப் போனாள். வேலைக்காரர்கள் பந்தல் பார்க்கப் போயிருந்தார்கள். பட்டறைச் சாவி அண்ணனிடம்.

மத்தியானம் ஒரு நோயாளிக்குச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தபோது, சிக்கு இறுகிய இடத்தில் சீப்பு நின்றது. மோட்டார் ஓடுகிறது, பல் ஆடவில்லை. உள்ளே பெல்ட் வழுக்குகிறது. தமயந்திக்கு அப்போதுதான் புரிந்தது. இத்தனை நாள் குறை என்று நினைத்தாளே, அதுதான் முடியைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது! பல்சக்கரம் வழுக்காது. நிற்காது. முடியைப் பிய்த்துக்கொண்டு ஓடும்.

வெளியே எஸ்டிடி பூத்துக்கு ஓடி அண்ணனைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, நோட்டுல ஒரு வரி திருத்தணும். இப்பவே கெளம்பி வாரேன்."

"ஏத்தா, கிறுக்கு புடிச்சிருக்கா? பூஜையில வச்ச புஸ்தகத்தத் தொடுறதா? சரஸ்வதி கோவிச்சுக்குவா. நாளைக்குக் காலையில வா."

அவளுக்கே வெட்கமாகப் போயிற்று. அண்ணனுக்கு இருக்கும் பக்தி தனக்கு இல்லையே என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

விஜயதசமி காலையில் போய் நோட்டைப் பிரித்தபோது, நேராக அந்தப் பல்சக்கரப் பக்கம் திறந்தது. நடுவில் ஒரு செண்டுமல்லி இதழ், நசுங்கி, மஞ்சள் கறை விட்டு. அட்டைமேல் வைத்த பூவின் இதழ் எப்படி உள்ளே வந்தது? அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. தாயே வந்து பக்கத்தைப் புரட்டி, திருத்தடி இதை என்று காட்டியிருக்கிறாள்!

"ஆமாத்தா, சரஸ்வதியே வாசிச்சிருக்கா. வேற யாரு?" என்றான் அண்ணன். கண்ணை வேறு பக்கம் வைத்திருந்தான். அதை அவள் அப்போது கவனிக்கவில்லை.

அங்கேயே சக்கரத்தைக் குறுக்காக அடித்துவிட்டு, கழன்றுவிடாதபடி இரண்டு பக்கமும் விளிம்பு வைத்த உருளையில் பெல்ட்டை வரைந்தாள். "ஒண்ணத் திருத்திட்டேண்ணே" என்றாள். "சரி, சரி" என்றான். இதழைச் சோற்றுப்பருக்கையால் அந்தப் பக்கத்திலேயே ஒட்டி வைத்து, கண்டவர்களிடமெல்லாம் காட்டினாள். அதற்கப்புறம் நோட்டு அவள் பையைவிட்டுப் போகவில்லை. அண்ணனும் கேட்கவில்லை. அவளாகக் கேட்டால், "பார்ட்டி பின்வாங்கிட்டான்த்தா. அடுத்த வருஷம் பாப்போம்" என்றான். அவளும் நம்பினாள். அவன் தோளில் கிடந்து ஆஸ்பத்திரிக்குப் போனவள் நம்பாமல் என்ன செய்வாள்?

அடுத்த மழைக்காலத்தில் ஆரதி மாஷிமா பக்கவாதம் வந்து அதே வார்டுக்குத் திரும்பி வந்தாள். அன்று தமயந்தி பிற்பகல் டியூட்டி. புடவை மாற்றிக்கொண்டிருக்கும்போதே அலறல் கேட்டது. ஓடினாள். மாஷிமாவின் மருமகள் கட்டிலருகில் வெலவெலத்து நிற்கிறாள். மாஷிமாவின் பின்தலையில் நீல நிறத்தில் ஒரு சீப்பு, கிர்ர் என்று கத்திக்கொண்டு, முடியை வாயில் கவ்வி உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது.

"லோக்கல் ட்ரெயினில் விற்றார்கள் தீதி, சிக்கெடுக்கும் மெஷின் என்று..." மருமகள் அழுதாள்.

தமயந்தி பாய்ந்து சீப்பைப் பிடித்தாள். அவளுடைய வளைந்த கட்டைவிரல் தானாகப் போய் ஒரு பள்ளத்தில் உட்கார்ந்தது.

கை அப்படியே நின்றுவிட்டது. பார்க்கவே வேண்டியதில்லை. உலகத்தில் வேறெந்தக் கைக்கும் அந்தப் பள்ளம் பொருந்தாது.

சீப்பிலிருந்து பென்சில் செல்லைப் பிடுங்கினாள். சிக்கு கல்லாகியிருந்தது. வேறு வழியில்லை. கத்தரியை எடுத்தாள். வெள்ளைப் பின்னல் சீப்போடு சேர்ந்து கையில் வந்தது. மாஷிமாவுக்குப் பேச்சு குழறும். ஆனாலும் தலையைத் திருப்பிப் பார்த்து ஒரே வார்த்தை கேட்டாள்: "துமி?"

நீயா? அவ்வளவுதான் கேட்டாள். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கை கழுவும் தொட்டியருகில் நின்று, தமயந்தி அந்த நீலச் சீப்பைத் திருகாணி கழற்றிப் பிரித்தாள். உள்ளே இரண்டு பல்சக்கரம். எண்ணினாள். ஒன்பது. இருபத்தேழு. அந்தக் கணக்கு அஷ்டமியன்று பிறந்து விஜயதசமி காலையில் செத்துப்போன கணக்கு. நடுவிலிருந்த ஒரு பகலும் இரவும் நோட்டு எங்கே இருந்தது? சாமிமுன்னால், பூட்டிய பட்டறையில்.

அப்புறம்தான் அந்த இதழ் ஞாபகம் வந்தது. அட்டைமேல் இருந்த பூ உள்ளே உதிர வேண்டுமென்றால், யாரோ நோட்டைப் பிரித்திருக்க வேண்டும்.

மறுநாள் காலையில் பட்டறைக்குப் போனாள். வாசலிலேயே மூட்டை மூட்டையாக நீலச் சீப்பு. அண்ணன் அவளைப் பார்த்ததும் ஒரு மூட்டையின்மேல் சாக்கை இழுத்துப் போட்டான். பிறகு, எதற்கு என்று நினைத்தவன் மாதிரி விட்டுவிட்டான்.

"உக்காருத்தா. டீ சொல்றேன்."

"அண்ணே, அன்னைக்கு சரஸ்வதி வந்து நோட்டு வாசிச்சாளே, யாருக்கு வாசிச்சுக் காட்டுனா?"

அவள் நோட்டைப் பிரித்து, கருகிப்போயிருந்த இதழை அவன்முன் வைத்தாள்.

"பார்ட்டி அன்னைக்கு ஒரு நாள்தான் ஊர்ல இருந்தான்" என்றான் கடைசியில். "ட்ரேசிங் பேப்பர் வச்சுப் படம் எடுத்துக்கிட்டான். அச்சு வேலை பூரா நம்ம பட்டறைக்குன்னு சொன்னான். இங்க பாதி மெஷின் தூங்குதுத்தா. உன்னக் கேட்டா, இன்னும் சரியாகலன்னு சொல்லிருப்ப."

"சொல்லித்தான் இருப்பேன். சரியாகலையே."

"ஆயா வேலை பாக்குற பொம்பள வரைஞ்சதுன்னா எவன் வாங்குவான், சொல்லு? அதான் என் பேரச் சொன்னேன். என் பேரு வேற, உன் பேரு வேறயா?"

"நான் போன் பண்ணுனப்ப," தமயந்தி நோட்டை மூடினாள், "ஒரே ஒரு வரி திருத்தணும்னு கெஞ்சுனப்ப, அந்தாளு பக்கத்துல இருந்தானா?"

"ரயிலுக்கு நேரமாச்சுன்னு பறந்துக்கிட்டிருந்தான்த்தா" என்றான் அண்ணன்.

திருடியதைக்கூட அவள் தாங்கியிருப்பாள். அண்ணனுக்கு வேண்டுமென்றால் நோட்டையே தூக்கிக் கொடுத்திருப்பாள். ஆனால் தன் பயபக்தியையே பூட்டாகப் போட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டானே. அவன் போனில் அதட்டியபோது இவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாளே. அந்தக் கன்னம் இப்போது எரிந்தது.

எழுந்தாள். வாசல்வரை போய்விட்டாள்.

"தமயந்தி, ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போ." பின்னாலிருந்து அவன் குரல் வந்தது. "முடிய இழுக்குதுன்னு எல்லா எடத்துலயும் கம்ப்ளெயின்ட். அந்தாளு என்னயப் புடிச்சு வைறான். மறுநாள் என்னமோ திருத்துனியே. என்னது அது?"

அவள் திரும்பவில்லை. சொல்லாமல் போய்விடலாம். வியாபாரம் படுத்துவிடும், நன்றாகப் படுக்கட்டும். ஆனால் கண்முன்னே அந்த மூட்டைகள் இருந்தன. ஒவ்வொன்றும் ஒரு தலைக்குப் போகும். எங்கோ ஒரு வார்டில், எவளோ ஒருத்தி கத்தரியை எடுப்பாள். இன்னொருத்தி சுவர்ப்பக்கம் திரும்புவாள்.

"சக்கரத்த எடுத்துட்டு பெல்ட்டு போடச் சொல்லுங்க. சிக்கு இறுகுனா பெல்ட்டு வழுக்கணும். ரெண்டு பக்கமும் விளிம்பு வச்ச உருளை. அப்பத்தான் கழலாது."

அண்ணன் ஒரு பழைய பில்லின் பின்பக்கத்தில் விறுவிறுவென்று எழுதிக்கொண்டான். "விளிம்பு எத்தன மில்லி?" என்று கேட்டான். தலையைத் தூக்கவில்லை. இனி அண்ணே என்று கூப்பிட இவளுக்கு வாய் வருமா வராதா, அந்த யோசனைகூட அவனுக்கு இல்லை.

"பாதி அரிசி நீளம்" என்று சொல்லிவிட்டு, அவள் லஞ்ச் பிடிக்கப் போனாள்.

அன்றும் மாஷிமாவின் கட்டிலருகில் போய் நின்றாள். "மாஷிமா" என்று இரண்டு தடவை கூப்பிட்டாள். மாஷிமா சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நர்சிங் ஹோமைவிட்டுப் போகிற நாள் வரைக்கும் தமயந்தியைத் தன் தலையில் கை வைக்க விடவில்லை.

அந்த வருஷம் நவமிக்குப் பட்டறையிலிருந்து அண்ணன் ஆள் அனுப்பினான். தமயந்தி போகவில்லை. ரயில்வே குவார்ட்டர்ஸ் வீட்டிலேயே மரப்பெட்டிமேல் பட்டுத்துணி விரித்து, கத்தரியையும் தன்னுடைய பழைய சீப்பையும் வைத்தாள். நோட்டை எடுத்துச் சந்தனம், குங்குமம் வைத்தாள். பூ வைக்கவில்லை. தையல் பெட்டியிலிருந்து நூலை உருவி, குறுக்கும் நெடுக்குமாக நோட்டைச் சுற்றிக் கட்டினாள். எத்தனையோ தலைகளில் பொறுமையாகச் சிக்கெடுத்த விரல்கள், இப்போது பிரிக்க முடியாதபடி ஒரு முடிச்சை இறுக்கின.

அப்பாவை வங்காளிப் பிள்ளைகள் மாதிரி பாபா என்றே கூப்பிடும் ஜெயப்ரியா பக்கத்தில் நின்று சிரித்தாள். "என்னம்மா இது? நம்ம வீட்டுல யாரு எடுக்கப்போறா? பாபாவா, நானா?"

தமயந்தி மகளை நிமிர்ந்து பார்த்தாள். குனிந்து, நூலைப் பல்லால் கடித்து இழுத்து, அந்த முடிச்சின்மேல் இன்னொரு முடிச்சைப் போட்டாள்.