அம்மா பார்த்த வானிலை

"எல்லாத்தையும் மொத்தமா அழிச்சிடறேன்க்கா, அப்பதான் இது வழிக்கு வரும்" என்று தம்பி மௌஸை நகர்த்தியபோது அப்பா குனிந்து அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"அதத் தொடாத."

நேற்று சாயங்காலம் ஆஸ்பத்திரியில் அம்மாவின் மூச்சு நின்றதிலிருந்து அவர் வாயைத் திறந்தது அப்போதுதான். அழவும் இல்லை. விமானம் இறங்கி நேராக ஓடிவந்த மகளைப் பார்த்துக்கூடத் தலையை ஆட்டினாரே தவிர ஒன்றும் சொல்லவில்லை. இப்போது இதற்கு வாயைத் திறக்கிறார்.

கூடத்தின் நடுவில் அம்மா படுத்திருந்தாள். தலைமாட்டில் ஒரு ஸ்டூல், அதன்மேல் பழைய லேப்டாப். சுவரிலிருந்து அதுவரைக்கும் நெட் ஒயர் ஓடியது. ஒயர் இல்லாத நெட் இந்த வீட்டுக்கு ஆகாது. சுவரைத் தாண்டிப் போகிற எதையும் அப்பா நம்பமாட்டார். செல்போன் சிக்னலோ வீட்டுக்குள் வராது, வாசல் கேட்டுக்கோ கொல்லைக்கோ போகவேண்டும். கடல் தாண்டி இருக்கிற சித்தி, கால் எலும்பு முறிந்து கட்டுப் போட்டுக்கொண்டு, "எங்கக்கா முகத்த ஒரு தடவை காட்டிடுங்கடா" என்று காலையிலிருந்து அழுதுகொண்டிருந்தாள். வண்டி வருவதற்குள் காட்டியாக வேண்டும். வீடியோ கால் பக்கமோ உள்ளே விடுவதும் மறுபடி வாசலுக்கே துரத்துவதுமாக ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருந்தது.

"அப்பா, குக்கீயத்தானே அழிக்கப் போறேன். வாரா வாரம் நீங்களே பண்றதுதானே?" என்றான் தம்பி. பெயர் குட்டி. ஆள் கதவை அடைத்துக்கொண்டு நிற்பான்.

அது உண்மைதான். அப்பா ஒரு ஃபேக்டரியின் கேட்டில் காலம் முழுக்க நின்றவர். உள்ளே போகிறவன் பை, வெளியே வருகிறவன் பை, எல்லாம் அவர் கை படாமல் நகராது. தெருவில் அவருக்கு 'செக்கிங்' என்றே பெயர். குக்கீ என்றால் என்னவென்று குட்டி ஒருநாள் அவருக்கு விளக்கினான். ஒரு வெப்சைட்டுக்கு நீங்கள் போனால் அது உங்கள் பிரவுசரில் ஒரு சின்னச் சீட்டைச் செருகி வைக்கும், அடுத்த தடவை சீட்டைப் பார்த்து, ஓ இவரா என்று அடையாளம் கண்டுகொள்ளும், சிலது அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு நாம் போகிற இடமெல்லாம் பின்னாலேயே வரும் என்றான். அப்பாவுக்கு அந்தக் கடைசி வரி போதுமாக இருந்தது. "என்னைக் கேக்காம என் வீட்டுக்குள்ள கேட் பாஸ் போடறானா?" என்றார். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை ஷேவிங் முடிந்ததும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் துடைத்துவிட்டுத்தான் எழுந்திருப்பார்.

அம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். அவள் பாதி பார்த்து வைத்தது, குறித்து வைத்தது எல்லாம் அத்தோடு போய்விடும். "மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டையே கொளுத்துறாரு உங்கப்பா" என்பாள் போனில். பிறகு அவளே சிரிப்பாள்.

அப்படிப்பட்ட மனிதர் இன்று தொடாதே என்கிறார். மகள் தம்பியை எழுப்பிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்தாள். ஒரு வங்கியின் ஹெல்ப்லைனில் அவளுக்கு வேலை. 'குக்கீயை அழித்துவிட்டு மறுபடி முயன்று பாருங்கள்' என்று முகம் தெரியாதவர்களுக்கு நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பவள்.

"எதப்பா தொடக்கூடாது?"

அப்பா நாற்காலிகளில் இருந்தவர்களைப் பார்த்தார். கல்லுளிமங்கன் என்று அம்மா இந்த முகத்துக்குத்தான் சொல்வாள்.

"கால் பண்ற சைட்டோட குக்கீய மட்டும் எடுக்கறேன். பழைய சீட்ட வச்சுக்கிட்டு அது குழம்புது, அவ்வளவுதான். மத்தது எதுவும் போகாது."

"நிச்சயமா?"

"இதான்ப்பா என் பொழப்பே."

அவர் தம்பியின் மணிக்கட்டை அப்போதுதான் விட்டார்.

அவள் செட்டிங்ஸைத் திறந்தாள். இந்த வீட்டு பிரவுசரில் அதிகம் இருக்காது என்று அவளுக்குத் தெரியும். வீடியோ கால் சைட்டைக் கண்டுபிடித்து அதை மட்டும் நீக்கினாள். அதன் கீழே, எப்போதும் அழிக்க வேண்டாதது என்ற தலைப்பில் ஒரே ஒரு சைட் இருந்தது. ஏதோ வானிலை பார்க்கிற பக்கம். இதற்கா மனுஷன் கையைப் பிடித்தார் என்று நினைத்தாள். அதற்குள் சித்தியின் முகம் திரையில் வந்துவிட்டது.

"கொஞ்சம் கீழ காட்டுடி" என்றாள் சித்தி. மகள் லேப்டாப்பைத் தூக்கிச் சாய்த்துப் பிடித்தாள். சித்தி வெகுநேரம் பார்த்தாள். "தலைய யாருடி வாரினது? வகிடு கோணலா இருக்கு" என்றாள். அப்பா குனிந்து அம்மாவின் வகிட்டை விரலால் சரிசெய்தார். அப்போது வாசலில் வண்டி வந்து நின்றது.

எல்லாம் முடிந்து வீடு திரும்பியபோது வெளிச்சம் இன்னும் மிச்சம் இருந்தது. வாடகை நாற்காலிகளைக் குட்டி அடுக்கிக்கொண்டிருந்தான். அம்மா இல்லாத கூடம் திடீரென்று பெரிதாகிவிட்டது. அப்பா குளித்துவிட்டு வந்து, ஈரத்தலையோடு லேப்டாப்பின் முன்னால் உட்கார்ந்தார். மகள் பக்கத்தில் போய் நின்றாள். அவர் அந்த வானிலைப் பக்கத்தைத் திறந்தார். எதையும் தட்டவில்லை. அவள் வேலை பார்க்கும் ஊரின் பெயர் தானாகவே மேலே வந்தது. கீழே ஒரு மேகம், அதிலிருந்து பனி.

அவளுக்குச் சட்டென்று புரிந்தது.

ஒரு ஹோட்டல் லாண்டரியில் அம்மா வேலை பார்த்தவள். ஈரப் போர்வைகளோடு வாழ்ந்தவளுக்கு வானத்தைப் பார்க்காமல் பொழுது விடியாது. மகள் வெளிநாட்டுக்குப் போனபிறகு அந்த ஊர் வானத்தையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டாள். காலையில் போன் வரும். "இன்னைக்குப் பனி கொட்டுமாம்டி, காத மூடிக்கிட்டுப் போ." மகள் இருந்ததோ தெருநாய்கூட நிழலை விட்டு எழுந்திருக்காத ஊர். முதலில் சொல்லிப் பார்த்தாள், இங்கே வெயில்மா என்று. "கம்ப்யூட்டர்ல போட்டிருக்கான். அவனவிட உனக்குத் தெரியுமா?" என்றாள் அம்மா. பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் முருங்கை மரம் ஏறித்தான் ஆகவேண்டும். அம்மாவுக்கு மகளாகப் பிறந்தால் வெயிலில் காதை மூடித்தான் ஆகவேண்டும். மூடிக்கிட்டேம்மா என்று சொல்லப் பழகிவிட்டாள். கூட வேலை பார்ப்பவர்கள் அந்தப் போனுக்காகக் காத்திருந்து சிரிப்பார்கள். ஸ்வெட்டர் ஒன்று பார்சலில் வந்தது. பிரிக்காமல் அப்படியே அலமாரியில் இருக்கிறது.

"அப்பா, இது வேற ஊரு. பேரு ஒண்ணுதான். நாடே வேற."

"தெரியும்."

"எப்பலேருந்து?"

"நீ போன புதுசுலயே. கீழ நாட்டுப் பேரு போட்டிருந்தான், பாத்தேன். அவகிட்ட சொல்லலாம்னு போனேன். வாசல் கேட்டுல நின்னு உங்கிட்ட பேசிட்டிருந்தா. காத மூடிக்க, காத மூடிக்கன்னு. சிரிப்பு வேற." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உன் ஊர்ல என்ன இருக்கு? தினம் வெயிலு. தினம் வெயிலுன்னு பாத்தா, அவ எதச் சொல்லிப் போன் பண்ணுவா?"

மகள் திரையில் கொட்டிய பனியையே பார்த்தாள்.

"ஞாயித்துக்கிழமை அழிச்சிட்டா அவ மறுபடி ஊரத் தேடணும். அப்பப் பாத்து சரியான ஊரப் போட்டுட்டான்னா? அதான் அத மட்டும் விட்டு வச்சேன்."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தானா நிக்குதுன்னு நெனச்சா. நான் ஒழுங்காத் துடைக்கலைன்னு வேற சொன்னா." அவர் முகம் சிரிக்கத்தான் ஆரம்பித்தது. நடுவில் உடைந்துபோயிற்று. துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு அழுதார். மகள் அவர் முதுகில் கைவைத்து நின்றாள். இந்த முதுகை அவள் தொட்டு எத்தனை காலமாயிற்று. போனில்கூட அம்மாதான் வற்புறுத்திக் கொடுப்பாள். "ம், நல்லாயிருக்கியா, அம்மாகிட்ட குடுக்கறேன்." அவர் பேசுவது அவ்வளவுதான். இனிமேல் யாரிடம் கொடுப்பார்?

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவரே கேட்டார். "இது எவ்வளவு நாளைக்கு நிக்கும்?"

"ரொம்ப நாள் திறக்காம விட்டா தானாப் போயிடும்ப்பா. தினம் திறந்தா இருக்கும்."

"தினம் திறந்தா இருக்குமா?"

"இருக்கும்."

அவர் தலையாட்டிக்கொண்டார்.

மறுநாள் காலையில் அவள் கொல்லைப்பக்கம் அம்மாவின் போர்வைகளைத் துவைத்துக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அடுத்த நாள் விமானம். இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது. திரையில் 'அப்பா' என்று வந்தது. அவராகக் கூப்பிடுவது இதுதான் முதல் தடவை. வீட்டின் பக்கவாட்டுச் சந்து வழியாக எட்டிப் பார்த்தாள். வாசல் கேட்டில், சிக்னல் கிடைக்கிற இடத்தில், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தார். மடித்த சட்டைக்கை, காதில் போன்.

"ம். நல்லாயிருக்கியா?" என்றார்.

"இருக்கேன்ப்பா."

மறுமுனையில் தொண்டையைச் செருமுகிற சத்தம்.

"அங்க இன்னைக்கும் பனியாம்" என்றார். "காத மூடிக்க."

வெயில் அவள் பின்கழுத்தில் அடித்தது. கொடியில் தொங்கிய ஈரப் போர்வையின் ஓரத்தை இழுத்துத் தலையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். தண்ணீர் காதோரமாக வழிந்தது.

"மூடிக்கிட்டேன்ப்பா" என்றாள்.

கேட்டில் நின்றவர் போனை வைக்கவில்லை.